குழந்தை நர்சரியில், தாய் வார்டில்: ஏற்காட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் மனைவிக்கு 33-வது வாரத்திலேயே பிபி ஏறிவிட்டது. சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்து, அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். பெண் குழந்தை, 1,650 கிராம். இன்று நான்காவது நாள். "உள்ளே என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை. எடை 1,540-க்கு இறங்கிவிட்டதாம். எப்போது கையில் கொடுப்பார்கள்? இந்த ஐப்பசிக் குளிரில் மலைக்குக் கூட்டிப் போகலாமா? தாய்க்குப் பத்தியம்தான் போட வேண்டும், தண்ணீர் தரக் கூடாது என்கிறார் அம்மா. மனைவிக்கு நேற்றிலிருந்து தலைவலி. முதுகில் போட்ட ஊசியால் வருவதுதான், சரியாகிவிடும் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதிய வரிக்குத்தான் முதல் பதில். பிரசவத்துக்கு முன் பிபி இருந்த பெண்ணுக்கு நான்காம் நாள் தலைவலி என்றால், அதை ஊசியின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. இப்போதே வார்டு நர்ஸிடம் போய், "இவளுக்குக் கர்ப்பத்தில் பிபி இருந்தது, நேற்றிலிருந்து தலைவலி, ஒரு தடவை பிபி பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மீதியை அப்புறம் வந்து படிக்கலாம்.

காரணம் இதுதான். குழந்தை வெளியே வந்துவிட்டால் பிபி போய்விடும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். முதல் இரண்டு நாள் இறங்கியதுபோல இருக்கும். அப்புறம் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி ஏறுவது உண்டு. பிபி ஏறுவதால் வரும் வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம், ஆறு வாரம் வரைக்கும் அந்தக் கவனம் தேவை. முதுகு ஊசியால் வரும் தலைவலி பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். பிபி தலைவலி படுத்தாலும் விடாது. கூடவே கண் மங்கும், கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல இருக்கும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும். ஆனால் இந்த வித்தியாசத்தை வைத்து நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பிபி பார்க்க இரண்டு நிமிஷம்தான் ஆகும். 140/90-க்கு மேல் இருந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். 160/110-ஐத் தொட்டால் அது அவசரம், உடனே மருந்து கொடுத்து இறக்குவார்கள்.

சேலத்தில் 31 வருஷம் பச்சிளங்குழந்தைகள் பிரிவில், அதாவது நர்சரியில், நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். குழந்தை நர்சரியில் இருக்கும் தாயைத்தான் எல்லோரும் தவற விடுகிறோம். குழந்தை பக்கத்தில் இருக்கும் தாய் கட்டிலிலேயே இருப்பாள். ரவுண்ட்ஸ் வரும்போது கண்ணில் படுவாள், பிபி பார்ப்பார்கள், தையலைப் பார்ப்பார்கள். இந்தத் தாயோ நர்சரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டு நேரம் போயிருக்கும், மாத்திரை தலையணைக்கு அடியில் கிடக்கும். வீட்டுக்காரர்களும் "குழந்தை எப்படி இருக்கு" என்றுதான் கேட்பார்கள். வயிற்றை அறுத்து நாலு நாள்கூட ஆகாத உடம்பு அது. அவள் படுத்துத் தேறினால்தான் குழந்தைக்குப் பால். அவள் நெஞ்சின் சூடுதான் பின்னால் குழந்தைக்கு மருந்து ஆகப் போகிறது. காலையும் மாலையும் ரவுண்ட்ஸ் நேரத்தில் அவள் கட்டிலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் நர்சரி வாசலில் நீங்கள் நில்லுங்கள்.

சரி, இனி குழந்தை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய வேதனை. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

33 வாரக் குழந்தைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்ந்திருக்காது. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. நாம் வியர்க்கிற அறையில் அது குளிர்ந்துபோகும். அதனால்தான் மேலே ஹீட்டர் வைத்த வார்மரில் திறந்த உடம்போடு படுக்க வைத்திருக்கிறார்கள். வயிற்றில் ஒட்டியிருக்கும் சின்ன வயர் தோலின் சூட்டை அளந்து, 36.5-லிருந்து 37.5 டிகிரிக்குள் நிற்கிற மாதிரி ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும். "துணிகூடப் போடாமல் கிடக்கிறதே" என்று உங்கள் அம்மா அழுதால் இதைச் சொல்லுங்கள். துணி போட்டால் அந்தச் சூடு உடம்பில் படாது.

அடுத்தது மூச்சு. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான பொருள் உள்ளே பூசியிருக்க வேண்டும். அது போதுமான அளவு ஊறுவது 34 வாரத்துக்குப் பிறகுதான். ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் மனைவிக்கு இடுப்பில் ஊசி போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பழுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து. அப்படியும் மூச்சுக்குச் சிரமப்பட்டால், மூக்கில் சின்னக் குழாய் வைத்து லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். அதைத்தான் சிபேப் என்பார்கள். குழந்தைகளுக்கு அந்த முறை வந்ததே 1971-ல்தான். அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் சுமார் 34 வாரத்தில், 2 கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்தான். மூச்சுத் திணறலில் 39 மணி நேரத்தில் போய்விட்டான். அந்த நாட்டில் அன்றைக்கு இருந்த அத்தனை வசதியாலும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் மகள் அவனைவிடச் சின்னவள். இன்று நம் ஊர் நர்சரியில் இந்த எடைக் குழந்தைகள் தேறி வீட்டுக்குப் போவது வழக்கமான காட்சி. நான் பார்த்த பெரும்பாலான 1,600 கிராம் குழந்தைகள் அப்பாவின் தோளில் சாய்ந்துதான் வெளியே போயிருக்கிறார்கள்.

மானிட்டர் கத்தினால் பயப்படாதீர்கள். பாதி நேரம் குழந்தை காலை உதைத்து, காலில் கட்டிய வயர் நழுவியிருக்கும். நர்ஸ் முதலில் திரையைப் பார்க்காமல் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சையும் பார்ப்பதை நீங்களே கவனிக்கலாம். சில சமயம் குறைமாதக் குழந்தை மூச்சு விடவே மறந்துபோகும். உள்ளங்காலைச் சுண்டிவிட்டால் மறுபடி இழுக்கும். மூளை முதிர முதிர அது நின்றுவிடும். இன்னொன்று, "ஆக்ஸிஜனைக் கூட்டி வையுங்கள்" என்று கேட்காதீர்கள். ஆக்ஸிஜன் கொடுக்கும் குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 90-லிருந்து 95 சதவீதத்துக்குள் நிற்பதே சரி. அதற்கு மேல் போனால் கண்ணுக்குக் கெடுதல். கண்ணைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதை விட்டுவிடாமல் படியுங்கள்.

எடை 1,540-க்கு வந்ததில் பதற ஒன்றுமில்லை. 110 கிராம் என்பது பிறந்த எடையில் ஏழு சதவீதத்துக்கும் குறைவு. உடம்பில் இருந்த அதிக நீர் வெளியேறுகிறது. நிறைமாதக் குழந்தையே பத்து சதவீதம் வரை இறங்கும். குறைமாதக் குழந்தை இன்னும் கொஞ்சம்கூட இறங்கலாம். பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆகலாம். அதன் பிறகு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் வரை ஏற வேண்டும். அதாவது உங்கள் மகள் நாளுக்கு 25, 30 கிராம் ஏறினால் சரியான பாதை. ஒரு நாள் எடையைப் பார்த்து அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம். மூன்று நாள் எடையைச் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது பால். இதில்தான் உங்கள் மனைவியின் பங்கு தொடங்குகிறது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்று வேலையையும் ஒன்றுசேர்த்துச் செய்ய 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை வாய்வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய டியூபில் பால் போகும். அடுத்த கட்டம் பாலாடை. ஆமாம், நம் பாட்டிமார் வைத்திருந்த, மூக்கு நீண்ட அதே சின்னக் கிண்ணம்தான். உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்த்தால் குழந்தை நாக்கை நீட்டி இழுத்துக்கொள்ளும். பாட்டில், நிப்பிள் எதுவும் வாங்க வேண்டாம். கழுவச் சிரமம், கிருமி சேரும், நிப்பிளுக்குப் பழகிய குழந்தை மார்பில் தடுமாறும்.

பால் எவ்வளவு வேண்டும்? முதல் நாட்களில் ஒரு வேளைக்கு நாலைந்து மில்லி போதும். முதல் வாரம் முடியும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 மில்லியை நெருங்கும். ஆபரேஷன் ஆன தாய்க்கு, அதுவும் குழந்தை பக்கத்தில் இல்லாத தாய்க்கு, முதல் மூன்று நாள் சொட்டுத்தான் வரும். "பாலே இல்லை" என்று பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சொல்லிவிட்டால் அவள் உடைந்துபோவாள். அந்த மஞ்சள் சொட்டு சீம்பாலை ஒரு சிரிஞ்சில் உறிஞ்சி உள்ளே கொடுத்தனுப்பினால், குழந்தையின் கன்னத்துக்குள் தடவிவிடுவார்கள். அதுவே நோய் எதிர்ப்பு.

பால் ஊறுவது எவ்வளவு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மார்பு காலியானால்தான் உடம்பு அடுத்ததை ஊறவைக்கும். அதனால் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை கையால் பீய்ச்ச வேண்டும். ராத்திரியில் ஒரு தடவையாவது விடக் கூடாது, பாலைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். முறை எளிது. கையை முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. வலித்தால் முறை தவறு என்று அர்த்தம், நர்ஸிடம் காட்டித் தரச் சொல்லுங்கள். பீய்ச்சிய பாலை உடனே நர்சரியில் கொடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அவளுக்குப் பால் வரத் தாமதமானால் தாய்ப்பால் வங்கியிலிருந்து கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பவுடர் பாலைவிட அதுதான் இந்தக் குடலுக்கு ஏற்றது. குறைமாதக் குழந்தையின் குடல் சவ்வு போல இருக்கும், தவறான உணவில் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. இந்தக் காரணத்துக்காகவே சேனை, சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, உரைமருந்து எதுவும் வேண்டாம். வீட்டுக்குப் போன பிறகும் வேண்டாம்.

அப்புறம் நெஞ்சோடு அணைத்து வைப்பது, ஆஸ்பத்திரியில் கங்காரு முறை என்பார்கள். வார்மரும் இன்குபேட்டரும் பெரிய விஷயம்தான். 1880 வாக்கில் பாரிஸில் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், கோழிமுட்டையை அடைகாக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் குழந்தைக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னார். ஆனால் சுமார் நூறு வருஷம் கழித்து, 1978-ல், கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டருக்கு ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலை. அவர் குழந்தைகளைத் தாயின் நெஞ்சில் வைத்துக் கட்டினார். பிழைத்தார்கள். பெட்டி இல்லாத ஊருக்கான மாற்று என்றுதான் உலகம் ரொம்ப நாள் இதை நினைத்தது. அது தவறு. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தாயின் நெஞ்சில் வைத்தபோது, நிலை சீரான பிறகு வைப்பதைவிட இறப்பு கால்வாசி குறைந்தது. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் முழு நாளும் என்கிறது. உங்கள் மகள் சரியாக அந்த எடைக்குள் வருகிறாள். "எப்போது நெஞ்சில் வைக்கலாம்" என்று இன்றே கேளுங்கள், அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வைக்கும் விதம்: குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் நேராக, தவளை உட்கார்ந்த மாதிரி காலை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடங்காமல் மூக்கு தெரியும்படி வைக்க வேண்டும். மேலே துணியால் கட்டிவிடலாம். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், அடிக்கடி எடுத்து வைப்பது குழந்தைக்கு அலுப்பு. தையல் போட்டவள் சாய்ந்த நிலையில் உட்கார்ந்தால் குழந்தை தையலுக்கு மேலேதான் இருக்கும், வலிக்காது. அவளுக்கு முடியாத நேரத்தில் நீங்கள் வையுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரக் கூச்சப்படுவார்கள். கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், விரலெல்லாம் காய்ப்பு, "என் கை சொரசொரப்பு சிஸ்டர், குழந்தைக்குக் குத்தும்" என்று மூன்று நாள் மறுத்தார். நான்காம் நாள் வைத்தோம். 1,200 கிராம் குழந்தை, பத்து நிமிஷத்தில் அதன் மூச்சு சீரானதை மானிட்டரில் அவரே பார்த்தார். அதன் பிறகு தினமும் பட்டறை முடிந்ததும் குளித்துவிட்டு நேராக வந்துவிடுவார். உங்கள் அம்மாவும் வைக்கலாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

உள்ளே போகும்போது மோதிரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றிவிட வேண்டும். திருநீறு, மை, கறுப்புக் கயிறு குழந்தைக்கு இப்போது வேண்டாம். சளி இருப்பவர் உள்ளே போகவே கூடாது. நர்சரியில் குழந்தைக்குப் பெரிய எதிரி கிருமி, அது பெரும்பாலும் நம் கையில்தான் வருகிறது.

இன்றோ நாளையோ "லைட்டில் வைத்திருக்கிறோம்" என்பார்கள். மஞ்சள் காமாலைதான், குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வரும். பெரியவர்களின் காமாலை மாதிரி இல்லை, ஈரல் இன்னும் பக்குவப்படவில்லை, அவ்வளவுதான். இந்த வைத்தியத்தைத் தொடங்கி வைத்தது ஒரு நர்ஸ் என்பதில் எனக்கு எப்போதும் பெருமை. 1950-களில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற பெயருள்ள நர்ஸ் ஒருவர் குறைமாதக் குழந்தைகளை வெயிலுள்ள முற்றத்துக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட இடம் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதை டாக்டர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958-ல் எழுதினார்கள். நீல ஒளி மஞ்சள் நிறமியை உருமாற்றி, மலத்திலும் சிறுநீரிலும் வெளியேற வைக்கிறது. கண்ணைக் கட்டி வைத்திருப்பது ஒளி கூசாமல் இருக்க. அதற்காக வீட்டில் இளவெயிலில் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்த எடைக் குழந்தை வெளியில் குளிர்ந்துபோகும், வெயிலின் அளவும் நம் கையில் இல்லை.

பத்தியத்துக்கு வருவோம். உங்கள் அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், அவர் சொல்வதில் நல்லது நிறைய இருக்கிறது. பூண்டுக் குழம்பு, கீரை, கேழ்வரகு, சாமைச் சோறு, முட்டை எல்லாம் கொடுக்கட்டும். கருவாட்டில் மட்டும் உப்பு அதிகம். பிபி உள்ள பெண்ணுக்கு அதற்குப் பதில் பச்சை மீன் நல்லது. ஊறுகாய், அப்பளம் குறைக்கலாம். பிரசவ லேகியம், செலவு மருந்து இப்போது வேண்டாம். பிபி மாத்திரையோடு எது எப்படிச் சேரும் என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம்.

தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது. தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும், வயிறு தொங்கும் என்பது நம் பக்கம் ரொம்பக் காலமாக இருக்கும் பயம். சீழ் கிருமியால் வருவது, தண்ணீரால் இல்லை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், முக்கினால் தையல் வலிக்கும், சிறுநீரில் தொற்று வரும். பிரசவித்த உடம்பில், அதுவும் ஆபரேஷன் ஆகி நடக்காமல் கிடக்கும் உடம்பில், காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு, நீர் குறைந்தால் அது கூடும். டாக்டர் அளவு எதுவும் சொல்லாதவரை தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கட்டும். பால் பீய்ச்சும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தானாகச் சரியாகும்.

நீங்கள் காபி விளையும் ஊர்க்காரர் என்பதால் இது: இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு போடக் கூடாது, சத்து உடம்பில் சேராமல் போய்விடும். கால்சியம் மாத்திரையையும் அதையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று காலை, ஒன்று இரவு. இரும்பு மாத்திரைக்குப் பின் ஒரு கொய்யாவோ எலுமிச்சை ரசமோ நல்லது. பிரசவத்துக்குப் பின் 180 நாள் அதைப் போட வேண்டும், பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உதிரம் முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகப் போகும், பிறகு பழுப்பாகும், பிறகு வெளுக்கும். நாலிலிருந்து ஆறு வாரம் வரை இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்தால், பெரிய கட்டியாக விழுந்தால், நாற்றம் அடித்தால், 100.4-க்கு மேல் காய்ச்சல் இருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தையலில் நீர் கசிந்தால் உடனே காட்டுங்கள். வயிற்றை இறுக்கித் துணி கட்ட வேண்டாம். முதுகு ஊசி போட்டதால் ஆயுசுக்கும் முதுகு வலி என்பது உண்மையில்லை. கூனிக் குனிந்து பால் கொடுப்பதால் வருவதுதான் பெரும்பாலும், முதுகுக்குத் தலையணை வையுங்கள்.

மனசையும் கவனியுங்கள். சுற்றிலும் எல்லாக் கட்டிலிலும் குழந்தை அழும் சத்தம், தன் பக்கம் மட்டும் காலி. மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. "அழுதால் பால் வற்றும்" என்று அதட்டாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், "என்னால்தான் குழந்தைக்கு இப்படி" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். குழப்பமாகப் பேசினாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, தனியாக விடவும் கூடாது. பிபி வந்தது அவள் தவறில்லை, நஞ்சுக்கொடி கருவில் பதிந்த விதத்திலிருந்து தொடங்கும் கோளாறு அது. இதை நீங்கள் உங்கள் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு எப்போது? தேதி யாராலும் சொல்ல முடியாது. மூச்சு மறப்பது நின்று சில நாள் ஆகியிருக்க வேண்டும், வார்மர் இல்லாமல் நெஞ்சுச் சூட்டிலேயே உடம்பு கதகதப்பாக இருக்க வேண்டும், டியூப் இல்லாமல் மார்பிலோ பாலாடையிலோ குடிக்க வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து எடை ஏற வேண்டும். இந்த எடைக்கு இரண்டு மூன்று வாரம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக மலையேற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அஸ்தம்பட்டிப் பக்கமோ கோரிமேட்டிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு வாரம் தங்குங்கள். முதல் எடை பார்க்கும் நாள் சீக்கிரம் வரும், அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையிலிருந்து தாயையும் சேயையும் வீட்டில் விட 102 வண்டி இலவசம், குழந்தைக்கு ஒரு வயது வரை நோய்க்கான சிகிச்சையும் இலவசம். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பால் கொடுத்துவிடுங்கள். குழந்தை நெஞ்சோடு கட்டியபடியே வரட்டும், கண்ணாடியை ஏற்றி விடுங்கள். வளைவில் அவளுக்குத் தலைசுற்றும் வழக்கம் இருந்தால் குழந்தை உங்கள் நெஞ்சில் இருக்கட்டும். பைக்கில் கூடவே கூடாது.

மேலே 1,500 மீட்டர் உயரத்தில் ஐப்பசி, கார்த்திகை இரவு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக மூடிய அறையில் கரி நெருப்புச் சட்டி வைக்காதீர்கள். அந்த வாயு வாசனையே இல்லாமல் தாயையும் சேயையும் கொன்றுவிடும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். கங்காரு முறையே உங்கள் ஹீட்டர், கரண்ட் போனாலும் அணையாது. அடிக்கடி உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள். வயிறும் காலும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக, கால் மட்டும் சில்லென்று இருந்தால் குளிர் தொடங்கிவிட்டது, உடனே நெஞ்சில் வையுங்கள். இரண்டரைக் கிலோ ஆகும்வரை எண்ணெய்க் குளியல், காலில் போட்டு ஊற்றுவது, மூக்கில் ஊதுவது எதுவும் வேண்டாம். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், நெஞ்சு உள்வாங்கினால், நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சில் வைத்தும் கால் சூடேறவில்லை என்றால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், வலிப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஊரில் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே குழந்தையைப் பற்றிச் சொல்லி வையுங்கள், வீட்டுக்கு வந்து எடை பார்ப்பார். அவர் வரும் நாளில் தாய்க்கும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசிகள் பிறந்த தேதிக் கணக்கில்தான், குறைமாதம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது கண். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், தாயாலும் கண்டுபிடிக்க முடியாது. பிறந்து 30 நாளுக்குள் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். சிகிச்சை தேவை என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்ய வேண்டும், தாமதித்தால் பார்வை திரும்பாது. குழந்தை நன்றாகக் குடிக்கிறது, மழை பெய்கிறது, பஸ் இல்லை என்று அந்த ஒரு நாளைத் தவறவிட்டுப் பார்வையை இழந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு இன்று நான்காம் நாள். இன்னும் 26 நாளுக்குள் அந்தப் பரிசோதனை. டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியும் இடமும் எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். காது கேட்கும் பரிசோதனையையும் அதே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம்.

நர்ஸிடம் போய் பிபி பார்க்கச் சொன்னீர்களா? என்ன அளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.